ஒன்றையொன்று தாங்கிய மூன்று தவறான விடைகள்: கிருஷ்ணகிரி வாசகர் வட்டக் குறுக்கெழுத்து அமர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிளை நூலகம் ஒன்றை ஒட்டி இயங்கும் வாசகர் வட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் சிலர் கூடித் தமிழ்க் கிரிப்டிக் குறுக்கெழுத்துகளை அவிழ்ப்பது வழக்கம். இந்த நிகழ்வில் பங்கேற்றவர்களின் பெயர்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன; ஒவ்வொரு விடையும் யாருக்கு ஏன் பிடிபட்டது என்பதற்கும் அவரவர் தொழிலுக்கும் தொடர்பு இருப்பதால் தொழில் மட்டும் சொல்லப்படுகிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் (எல்லோருக்கும் அவர் ஐயா), ஓசூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் இளைஞர், வீட்டில் தெலுங்கு பேசும் வங்கி ஊழியர், காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி, செவிலியர் ஒருவர், கல்லூரி மாணவி ஒருவர் என அறுவர். அமர்வில் நடப்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பொறுப்பு என்னுடையது.

இவர்களில் வங்கி ஊழியர் மட்டுமே ஆங்கில நாளிதழ்களின் கிரிப்டிக் புதிர்களைப் பல ஆண்டுகளாகப் போட்டுப் பழகியவர். மற்றவர்கள் வார இதழ்களின் சாதாரணக் குறுக்கெழுத்திலிருந்து இதற்கு வந்தவர்கள். சாதாரணப் புதிரில் குறிப்பு என்பது விடையின் பொருள் மட்டுமே. கிரிப்டிக் புதிரிலோ குறிப்பின் ஒரு முனையில் விடையின் பொருளும், மறுமுனையில் அந்த விடையை எழுத்தெழுத்தாகக் கட்டுவதற்கான வழியும் இருக்க, இரண்டையும் பிரிக்கும் வரப்பு தெரியாதபடி ஒரே வாக்கியமாகப் பூசி வைத்திருப்பார்கள். கட்டும் வழியில் இரண்டு வகைச் சொற்கள் உண்டு. எழுத்துகளைத் தருகிற சொல்லைச் ‘சரக்கு’ என்றும், அந்த எழுத்துகளை என்ன செய்யவேண்டும் என்று சொல்கிற சொல்லைக் ‘கட்டளை’ என்றும் எங்கள் குழுவில் சொல்வோம். ‘கலைந்து’, ‘உள்ளே’, ‘தலையிழந்து’, ‘திரும்பி’ போன்றவை கட்டளைகள்.

இவ்வகைப் புதிர் இங்கிலாந்தில் 1920களில் உருப்பெற்றது. அதை வளர்த்த ஆசிரியர்களில் இருவர் டார்க்மாடா, சிமெனிஸ் என்று ஸ்பெயினின் மதவிசாரணைத் தலைவர்களின் பெயர்களைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். தீர்ப்பவரை வாட்டுவதே வேலை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் சிமெனிஸ் என்ற பெயரில் எழுதிய டி. எஸ். மேக்நட் 1966இல் வெளியிட்ட நூலில் வாட்டுவதற்கும் ஒரு நேர்மை வேண்டும் என்று வகுத்தார். பொருள் துல்லியமாக இருக்கவேண்டும், கட்டும் வழி நியாயமாக இருக்கவேண்டும், இரண்டுக்கும் வெளியே வெட்டிச் சொல் எதுவும் இருக்கக்கூடாது என்பது அவர் வழிவந்த நெறியின் சாரம். இந்த மூன்றாவது நிபந்தனை பின்னால் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது.

புதிர்

இப்போது கோயம்புத்தூரில் வசிக்கும் முன்னாள் உறுப்பினர் ஒருவர் புதிரை அமைத்து அனுப்பியிருந்தார். விடைகளையும் விளக்கத்தையும் தனி உறையில் ஒட்டி நூலகரிடம் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார். தாளின் மேலே ‘மறைவும் கூட்டமும்’ என்று தலைப்பு இருந்தது. விடைகள் அனைத்தும் ரகசியத்தோடோ, ஒளிவு மறைவாக இயங்கும் குழுக்களோடோ ஏதேனும் ஒரு வகையில் தொடர்புடையவை என்பதை அதிலிருந்து எல்லோரும் முன்கூட்டியே அறிந்துகொண்டார்கள். வழக்கம்போல உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்கு ஒரு கட்டம். குறிப்பின் இறுதியில் உள்ள எண் கட்டங்களின் எண்ணிக்கை.

இந்தத் தலைப்பில் ஒரு சிக்கல் உள்ளடங்கியிருந்தது. கிரிப்டிக் புதிரின் கட்டளைச் சொற்களில் பாதி, ஒளித்தல், மறைத்தல், உள்ளே இருத்தல், சேர்தல், கலைதல் ஆகியவற்றைக் குறிப்பவை. புதிரின் கருப்பொருளும் அவையே ஆகும்போது, ‘மறைந்திருக்கும்’ என்ற சொல் ஒரு குறிப்பில் கட்டளையாக நிற்கிறதா, விடையின் பொருளாக நிற்கிறதா, எழுத்துகளைக் கொடுக்கும் வெறும் சரக்கா என்பது மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. அமைத்தவர் இதைத் தெரிந்தே செய்திருந்தார்.

முதல் அமர்வில் கண்டவை

லேத் ஓட்டும் இளைஞருக்கு அன்று ஷிப்ட் இருந்ததால் அவர் வரவில்லை. மற்ற ஐவரும் ஒரே மேசையைச் சுற்றி, ஒரே தாளில் வேலையைத் தொடங்கினார்கள்.

முதல் குறிப்பு ‘அசதியில் மறைந்திருந்த சூழ்ச்சி (2)’. மாணவி உடனே ‘சதி’ என்றார். ‘அசதியில்’ என்ற சரக்குக்குள் அந்த இரண்டு எழுத்துகளும் வரிசை மாறாமல் இருக்கின்றன, ‘மறைந்திருந்த’ என்பது கட்டளை, ‘சூழ்ச்சி’ பொருள். சொல்லுக்குள் சொல்லை ஒளிப்பதுதான் கிரிப்டிக் வகைகளில் மிக எளியது. அடுத்து வந்த ‘வேலியின் தொடக்கமும் உறவின் முடிவும் உளவுதான் (2)’ என்பதற்கு ‘வேவு’ என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

‘வாத்தியார் மாணவன் தலையில் வைத்தது, உடைந்தால் ஊருக்கே தெரியும் (3)’ என்ற குறிப்பு இரட்டைப் பொருள் வகை. இதில் கட்டளையும் இல்லை, சரக்கும் இல்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஐயா பிரம்பு, புத்தகம் என்று தேடிக்கொண்டிருந்தபோது வங்கி ஊழியர், “எங்க வீட்டுல ரகசியத்தையே குட்டுன்னுதான் சொல்லுவோம் ஐயா” என்று சொல்லி முடித்துவைத்தார். குட்டு உடைவது தமிழ் வழக்கிலும் உண்டுதான். ஆனால் தெலுங்கு புழங்கும் வீட்டில் அந்தச் சொல் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எல்லைப்புற மாவட்டத்தில் புதிர் போடுவதில் உள்ள அனுகூலங்களில் இதுவும் ஒன்று.

இதற்குப் பிறகுதான் ஆய்வுக்குரிய பகுதி வருகிறது. ‘திருகாணியில் இருக்கும் வேதத்தை ஒளித்து வை (2)’ என்ற குறிப்பைப் படித்ததும், ‘அசதி’யில் வென்ற முறையே எல்லோருடைய நினைவிலும் நின்றது. ‘திருகாணியில் இருக்கும்’ என்றால் அந்தச் சொல்லுக்குள் தேடு என்று பொருள்கொண்டு, தி, ரு, கா, ணி என்று எழுத்துகளைப் பிரித்துப் பார்த்தார்கள். கடைசி இரண்டு எழுத்துகளும் சேர்ந்து ‘காணி’ ஆயின. சொல் இருக்கிறது, கட்டம் இரண்டு, ஒளிந்தும் இருக்கிறது. தோட்டக்காரர் அதை உறுதியாகச் சொன்னார். காணி அவருக்கு நாள்தோறும் புழங்கும் சொல். ‘வேதம்’ எங்கே போயிற்று என்று செவிலியர் கேட்டதற்கு, “அது சும்மா திசைதிருப்ப வெச்சிருப்பாங்க” என்ற பதில் வந்தது. காணி பேனாவால் எழுதப்பட்டது.

காணியின் இரண்டாம் எழுத்து, நெடுக்காக வரும் நான்கெழுத்து விடையின் கடைசிக் கட்டத்தில் விழுந்தது. அந்த விடைக்கான குறிப்பு ‘நிலாவும் அறையும் சேர்ந்தால் ஒளிய இடம் கிடைக்கும் (4)’. இப்போது கடைசி எழுத்து ணி என்று ஆகிவிட்டது. மூன்று வெற்றுக் கட்டங்கள், பிறகு ணி. ‘சேர்ந்தால்’ என்ற சொல் குறிப்பில் இருக்கிறது. புதிரின் தலைப்பில் ‘கூட்டம்’ இருக்கிறது. மாணவி ‘கூட்டணி’ என்றார். மேசையில் ஒரு நிறைவு தெரிந்தது. கருப்பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் வேறு எது என்று ஐயாவே கேட்டார். நிலா ஏன், அறை ஏன் என்ற கேள்வி இம்முறை எழவேயில்லை என்பதைக் குறிப்பேடு காட்டுகிறது. மாறாக, கூட்டணி பொருந்தியதால் காணியும் சரியாகத்தான் இருக்கும் என்று இரண்டு பேர் சொன்னதாக அதே பக்கத்தில் பதிவாகியிருக்கிறது.

நின்றுபோன இடம்

கூட்டணியின் மூன்றாம் எழுத்தான டகரம், குறுக்காகச் செல்லும் மற்றொரு நான்கெழுத்து விடையின் முதற்கட்டத்தில் நின்றது. அதன் குறிப்பு ‘தாலுகாவில் நெருங்கிய சிலர் (4)’. டகரத்தில் தொடங்கும் நான்கெழுத்துச் சொல்லைத் தேடி, செவிலியர் ‘டமாரம்’ என்றார். ரகசியத்தை ஊரறியச் செய்வதை டமாரம் அடிப்பது என்கிறோம் அல்லவா, ஆகவே கருப்பொருளுக்கு எதிர்நிலையாக வைத்திருக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். அதை எழுதக் கையெடுத்தபோதுதான் ஐயா தடுத்தார். டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது, டமாரம் போன்ற சிலவே விதிவிலக்கு, விதிவிலக்கைத் தேடிப்போக வேண்டிய நிலைக்கு ஒரு கட்டம் நம்மைத் தள்ளுகிறதென்றால் அந்தக் கட்டத்தையே முதலில் சந்தேகிக்கவேண்டும் என்றார்.

மூன்று விடைகள்: காணி, கூட்டணி, டமாரம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றிலும் குறிப்பின் ஒரு பகுதி கேட்பாரின்றிக் கிடந்தது. ஆனால் காணி ஒரு எழுத்தைக் கொடுத்துக் கூட்டணியை வரவழைத்தது. கூட்டணி வந்ததைக் காட்டிக் காணி நியாயமாயிற்று. இரண்டுமாகச் சேர்ந்து டமாரத்தை அழைத்து வந்தன. மூன்றுக்கும் பின்னால் நின்று தலையாட்டியது புதிரின் தலைப்பு.

அன்று நேரம் முடியும் தறுவாயில், மேசையில் இன்னொரு விடை விழுந்தது. ‘தலையில் புள்ளியுடன் திரியும் உளவாளி (3)’ என்ற குறிப்புக்கு ஐயா ‘ஒற்று’ என்று எழுதினார். புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கும் ஒற்று என்று பெயர்; வேவு பார்ப்பவனுக்கும் பழந்தமிழில் அதுவே பெயர். திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். விடையை எழுதிவிட்டு அவர் அந்த அதிகாரத்தின் 588ஆம், 589ஆம் குறள்களின் கருத்தைச் சொன்னார்: ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சோதித்தே ஏற்கவேண்டும், ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதபடி ஆளவேண்டும், அப்படி ஆளப்பட்ட மூவரின் சொல் ஒத்துப்போனால் நம்பலாம். பிறகு தாளைக் காட்டி, “நம்ம மூணு ஒற்றனும் ஒரே டீக்கடையில உக்காந்து பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்கான்” என்றார்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

அடுத்த அமர்வு தொடங்குமுன் குழு சில முடிவுகளை எடுத்தது. அவை ஒருமனதானவை அல்ல. தோட்டக்காரருக்கு இதெல்லாம் விளையாட்டைத் தேர்வுக்கூடமாக்கும் வேலை என்ற எண்ணம் கடைசிவரை இருந்தது.

ஒரே மேசைக்குப் பதிலாக இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, நூலகத்தின் வெவ்வேறு மூலைகளில், வெற்றுக்கட்டங்கள் கொண்ட புதிய தாளில் தொடங்குவது என்பது முதல் முடிவு. பழைய தாளில் அழித்து எழுதலாம் என்ற யோசனையை வங்கி ஊழியர் ஏற்கவில்லை. அழித்த எழுத்தின் தடம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், ஒருமுறை பார்த்த கூட்டணியை மறப்பது எளிதல்ல என்றார். இது சரியான வாதம் என்றே கருதுகிறேன். குறைந்தபட்சம் முதல் அமர்வுக்கு வராத ஒருவர் தவறான விடைகளை அறியாதவராக இருந்தார்; அவரிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அது பொருளா, கட்டளையா, சரக்கா என்று மேலே எழுதிய பிறகே விடையை எழுதவேண்டும் என்பது அடுத்தது. மேக்நட்டின் நெறிப்படி வேலையில்லாத சொல் குறிப்பில் இருக்கக்கூடாது; ஆகவே ஒரு சொல்லுக்கு வேலை கிடைக்கவில்லையென்றால் விடை தவறு, அல்லது இன்னும் முழுமையாகப் புரியவில்லை. ‘திசைதிருப்ப வைத்தது’ என்பது வேலை ஆகாது.

கட்டத்தில் குறுக்கிடும் எழுத்தைச் சாட்சியாக ஏற்பதற்கும் ஒரு வரம்பு வைத்தார்கள். எந்த விடையின் பொருளும் கட்டுமானமும் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட்டனவோ, அந்த விடையின் எழுத்து மட்டுமே அடுத்த விடைக்குச் சான்று. மற்றவை பென்சிலால் எழுதப்படும். பென்சில் எழுத்தைக் காட்டி எதையும் வாதிடக்கூடாது. புதிரின் தலைப்பைச் சான்றாகக் கொள்வது முற்றிலும் விலக்கப்பட்டது. கருப்பொருள் எல்லா விடைக்கும் பொது என்பதால், ஒரு குறிப்பிட்ட விடை சரி என்பதற்கு அது எந்த வலுவும் சேர்ப்பதில்லை.

இரண்டாம் அமர்வு

லேத் ஓட்டுபவரும் செவிலியரும் ஒரு மூலையில் அமர்ந்தார்கள். திருகாணிக் குறிப்பைப் படித்ததும் அந்த இளைஞர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு போல்ட்டை எடுத்து, அதன் வரிகளின்மேல் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார். “இதுல இருக்கிறது மறைதானே அக்கா? மறை தேஞ்சா நட்டு நிக்காது” என்றார். அவர் ‘திருகாணியில் இருக்கும்’ என்பதை எழுத்துக் கணக்காகப் பார்க்கவேயில்லை, பொருளாகவே பார்த்தார். மீதிச் சொற்களுக்கு வேலை எழுதியவர் செவிலியர்: வேதத்துக்கு மறை என்று பெயர், ஒளித்து வை என்பதற்கும் மறை. மூன்று பொருள்கள், ஒரே விடை. குறிப்பில் ஒளித்தல் பற்றிப் பேச்சு இருந்தும் எதுவும் எதற்குள்ளும் ஒளிந்திருக்கவில்லை.

ஐயாவும் மாணவியும் இன்னொரு மூலையில் வேதத்திலிருந்து தொடங்கி அதே விடைக்கு வந்திருந்தார்கள். திருகாணி அவர்களுக்குக் கடைசியில்தான் விளங்கியது. ‘மறை கழன்றவன்’ என்ற வசையை மாணவி நினைவூட்டியபோது. தோட்டக்காரரும் வங்கி ஊழியரும் சேர்ந்திருந்த தாளில் காணி மறுபடியும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லின்மேலும் வேலை எழுதவேண்டியிருந்ததால், ‘வேதத்தை’, ‘ஒளித்து’, ‘வை’ மூன்றும் வெறுமையாக நிற்க, தோட்டக்காரர் தாமே அதை அடித்துவிட்டுச் சிறிது நேரம் தாளைத் தள்ளிவைத்தார். அந்த மூலைக்கு மறை கிடைக்கவில்லை. தவறான விடை நிலைக்காமல் போனது மட்டும் கிடைத்தது.

மறையின் றை கடைசிக் கட்டத்தில் அமர்ந்ததும் நிலாக் குறிப்பு வேறு முகம் காட்டியது. நிலாவுக்கு நிலவு, அதனோடு அறை சேர்ந்தால் ‘நிலவறை’, பூமிக்கடியில் ஒளிய அது இடம். ‘சேர்ந்தால்’ என்பது கூட்டணியைக் குறித்த சொல் அல்ல. இரண்டு சரக்குகளையும் புணர்த்து என்ற கட்டளை. இங்கே ஒரு விவாதம் எழுந்தது. நிலவு என்பதன் ஈற்றுயிர் கெட்டு அறையோடு கூடுவது தமிழ்ப் புணர்ச்சி, ஆகவே முற்றிலும் நியாயம் என்றார் ஐயா. செவிலியர் உடன்படவில்லை. நிலாவை நிலவாக்குவது ஒரு படி, அதன் எழுத்தொன்றைப் புணர்ச்சியில் கரைப்பது இன்னொரு படி, இரண்டாவது படிக்குக் குறிப்பில் அடையாளம் இல்லை என்பது அவர் வாதம். தமிழில் புதிர் அமைப்பவர்கள் இதை இன்னும் தெளிவாக்கிக்கொள்ளவில்லை. சொற்கள் சேரும் இடத்தில் எழுத்து தோன்றுவதும் கெடுவதும் திரிவதும் நம் எழுத்தின் இயல்பு; அதைச் சொல்விளையாட்டில் ஒப்புக்கொள்ளாவிட்டால் பாதி அழகு போய்விடும், கட்டுப்பாடின்றி ஒப்புக்கொண்டால் எதையும் எதனோடும் ஒட்டலாம். பொருள் பகுதி கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் குறிப்பில் மட்டும் புணர்ச்சியை அனுமதிக்கலாம் என்பது என் கருத்து. இந்தக் குறிப்பு அந்த அளவில் தேறுகிறது.

நிலவறையின் மூன்றாம் எழுத்து வ என்றானதும், தாலுகாக் குறிப்புக்கு ‘வட்டம்’ தானாக வந்தது. வருவாய்த் துறையின் வட்டம் ஒன்று, நெருங்கிய வட்டம் மற்றொன்று. ‘தாலுகாவில்’ என்ற உருபைப் பார்த்து அந்தச் சொல்லுக்குள்ளே தேடிய ஆசை இம்முறை யாருக்கும் வரவில்லை.

‘குடத்தின் அடி உடைய, வாசல் ஓரத்தில் கூடிய கூட்டம் (4)’ என்பதில் கும்பம் தன் கடைசி எழுத்தை இழந்து வாசலின் ஓர எழுத்தைப் பெற்றுக் ‘கும்பல்’ ஆயிற்று. ‘நாடகத்தில் நா இருக்கும் இடத்தில் பூ வைத்தால் வெளிப்படையாக இராது (4)’ என்பதில் ‘பூடகம்’. மூன்று மூலைகளிலும் இவை சிரமமின்றி வந்தன.

‘சிகரம் மறைய, கடைசியில் தடுமாறி வெளியே வராத செய்தி (5)’ என்ற குறிப்பு நீண்ட நேரம் எடுத்தது. ‘மறைய’ என்பதைக் கட்டளையாகக் கொண்டு, சிகரத்திலிருந்து எதை நீக்குவது என்றே மூன்று மூலைகளும் யோசித்தன. வேலை எழுதும் முறையைப் பிடிவாதமாகப் பின்பற்றிய மாணவிதான், ‘கடைசியில்’ என்பதற்கு வேலை வேண்டுமானால் அது முன்னாலுள்ள சொல்லின் கடைசி எழுத்தைத்தான் கேட்கவேண்டும் என்று கண்டார். ‘மறைய’ இங்கே கட்டளையும் அல்ல, பொருளும் அல்ல; யகரத்தைக் கொடுப்பதற்காக நிற்கும் சரக்கு. சி, க, ர, ம் என்ற நான்கோடு ய சேர்ந்து ஐந்து எழுத்துகள். ‘தடுமாறி’ என்பது கலைக்கச் சொல்லும் கட்டளை. அவர் நாட்காட்டித் தாளின் பின்புறம் ஐந்தையும் வட்டமாக எழுதினார். ஐந்து எழுத்துகளை 120 வகையாக அடுக்கலாம். புள்ளி வைத்த ம் சொல்லின் முதலில் வராது என்பதால் 24 கழிந்து 96; மகர ஒற்றில் முடியும் சொற்கள் தமிழில் ஏராளம் என்பதால் ம் கடைசியில் என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 24 மட்டுமே. எழுத்துகளைக் கலைக்கும் வகையில் தமிழ் ஆங்கிலத்தைவிடக் கை கொடுக்கும் இடம் இது.

இருந்தும் ஐயாவின் மூலையில் விடை தாமதமாயிற்று. டகரத்தைத் தடுத்து முதல் அமர்வைக் காப்பாற்றிய அதே இலக்கணம் இங்கே குறுக்கே நின்றது. ரகரமும் மொழிக்கு முதலில் வராது. அவர் கை இயல்பாக ‘இரகசியம்’ என்று ஆறு கட்டங்களுக்கு எழுதியது. மாணவி, “ஐயா, பேப்பர்ல எல்லாம் ‘இ’ போட மாட்டாங்க” என்ற பிறகு ‘ரகசியம்’ ஐந்து கட்டங்களில் அமர்ந்தது.

ஒரு விடை எந்த மூலையிலும் வரவில்லை. ‘அந்த ஸ்ரீரங்கம் செல்வம் இழந்தது யாருக்கும் தெரியாத விஷயம் (7)’. ஸ்ரீரங்கத்துக்குப் பதிலாக அரங்கம், திருவரங்கம், காவிரி என்று தேடியும் பயனில்லை. ஊகித்து நிரப்பாமல் அதை வெற்றாகவே விடுவது என்று முடிவாயிற்று.

உறை திறந்த பின்

நூலகர் உறையைப் பிரித்தபோது நிரப்பப்பட்ட விடைகள் எல்லாம் ஒத்துப்போயின. வெற்றாக விட்ட விடை ‘அந்தரங்கம்’. ஸ்ரீ என்றால் செல்வம். அதை இழந்த ஸ்ரீரங்கம் ‘ரங்கம்’. அதன் முன்னால் ‘அந்த’ என்ற சொல் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே நிற்கிறது. யாரும் ‘அந்த’வைச் சரக்காக நினைக்கவில்லை. மூன்று தாள்களிலும் அதன்மேல் ‘இணைப்பு’ என்று எழுதப்பட்டிருந்தது. பொருள், கட்டளை, சரக்கு என்ற மூன்று வேலைகளில் இல்லாத நான்காவது வேலை ஒன்றைத் தாங்களே கண்டுபிடித்து அதற்குக் கொடுத்திருந்தார்கள். திருகாணிக் குறிப்பின் ‘திசைதிருப்பல்’ வேறு பெயரில் திரும்பி வந்திருந்தது.

மாணவிக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. ரகசியம் பற்றிய புதிர் என்றால் கட்டங்களின் ஓரத்திலோ மூலைவிட்டத்திலோ தனியாக ஒரு செய்தி ஒளிந்திருக்கும் என்று அவர் எழுத்துகளை எல்லாத் திசைகளிலும் படித்துப் பார்த்தார். அமைத்தவரிடம் தொலைபேசியில் கேட்டபோது அப்படி எதுவும் இல்லை என்றார். இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1944 மே மாதத்திலும் ஜூன் முதல் நாளிலும் லண்டனின் டெய்லி டெலிகிராஃப் குறுக்கெழுத்தில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்ட், மல்பெரி, நெப்டியூன் என்ற விடைகள் அடுத்தடுத்து வந்தன. ஐந்தும் ஜூன் 6 அன்று நடக்கவிருந்த நார்மண்டிப் படையெடுப்பின் ரகசியப் பெயர்கள். புதிரை அமைத்த லெனர்ட் டா என்ற பள்ளித் தலைமையாசிரியரை உளவுத்துறை விசாரித்தது; அவர் ஒற்றர் என்பதற்கு எதுவும் கிடைக்கவில்லை. அருகில் முகாமிட்டிருந்த படைவீரர்களிடம் கேட்ட சொற்களைத் தாம்தான் கட்டங்களில் நிரப்பிக் கொடுத்ததாக அவருடைய முன்னாள் மாணவர் ஒருவர் 1984இல் சொன்னார். அதிகாரிகளுக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் தவறில்லை. ஐந்து சொற்களும் உண்மையிலேயே அங்கே இருந்தன. எங்கள் தாளில் அப்படி ஒரு சொல்கூட இல்லை, தலைப்பு மட்டுமே இருந்தது.

இனி மாற்றப்படுபவை

கருப்பொருள் கொண்ட புதிர்களைத் தலைப்பில்லாமல் அனுப்பும்படி அமைத்தவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தலைப்பு விடைகளோடு உறையில் இருக்கும். ‘அசதி’ போல மிக எளிய ஒளிப்புக் குறிப்பை முதலில் வைப்பதையும் தவிர்க்கச் சொன்னோம். முதலில் வென்ற முறை அடுத்த குறிப்புகளுக்கும் அச்சாகிவிடுவதை இந்தத் தாள் காட்டிவிட்டது. அவர் இரண்டாவதற்கு இன்னும் இசையவில்லை. ஏமாற்றும் உரிமை அமைப்பவருக்கு உண்டு என்கிறார்.

இரண்டிரண்டு பேராகப் பிரியும் முறை தொடர்கிறது, ஆனால் அமர்வு முழுவதற்கும் அல்ல. தொடக்கத்தில் சேர்ந்து பேசுவதில்தான் குட்டு போன்ற விடைகள் வருகின்றன. ஆகவே முதல் அரைமணி எல்லோரும் ஒரே மேசை, பென்சில் மட்டும். பிறகு பிரிந்து சோதனை, அதன்பின் பேனா. ‘இந்த’, ‘அந்த’, ‘ஒரு’, ‘ஓர்’ ஆகியவற்றுக்கு வேலை எழுதும்போது ‘இணைப்பு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. ர, ல, ட ஆகியவற்றில் தொடங்கும் சொற்களுக்கு நாளிதழ் வழக்கு, இலக்கண வழக்கு இரண்டையும் கட்ட எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பின்பே விலக்குவது என்பதை ஐயா தம் கையெழுத்தில் அதன் கீழே எழுதியிருக்கிறார்.